ஒரு கிரவுண்டு காலி இடத்தைத் தெருவே சேர்ந்து காய்கறித் தோட்டமாக்குவது: முழுமையான வழிகாட்டி

சென்னையைச் சுற்றியுள்ள மனைப்பிரிவுகளில் எங்கே போனாலும் இப்படி ஒரு இடம் கண்ணில் படும். வரைபடத்தில் 'பூங்கா' என்று பச்சை வண்ணம் தீட்டியிருப்பார்கள். நேரில் பார்த்தால் சீமைக்கருவேலம், உடைந்த செங்கல், யாரோ கொட்டிவிட்டுப் போன சிமென்ட் கட்டி. அந்த இடத்தில் தெருக்காரர்களே சேர்ந்து காய்கறி விளைவிக்கத் தேவையானதைத் தொடக்கத்திலிருந்து இங்கே எழுதியிருக்கிறோம். கணக்குகள் எல்லாம் ஒரு கிரவுண்டுக்கு, அதாவது 40-க்கு 60 அடி இடத்துக்கு. உங்கள் இடம் சிறிதோ பெரிதோ, அதற்கேற்ப வகுத்தோ பெருக்கியோ கொள்ளுங்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். தெருத்தோட்டம் பெரும்பாலும் பூச்சியாலோ மண்ணாலோ அழிவதில்லை. மே மாதத்தில் அழிகிறது. பள்ளி விடுமுறை, பாதித் தெரு சொந்த ஊருக்குப் போயிருக்கும், கத்திரி வெயில், போர்வெல்லில் தண்ணீர் இறங்கியிருக்கும். நான்கு நாள் தண்ணீர் ஊற்றாவிட்டால் ஆறு மாத உழைப்பு காய்ந்துவிடும். எனவே செடியை நினைக்கும் முன் தண்ணீரையும், அதை ஊற்றும் கைகளையும் ஏற்பாடு செய்யுங்கள்.

இடம் யாருடையது?

தமிழ்நாட்டில் பெரிய மனைப்பிரிவு போடுகிறவர் நிலத்தில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். உங்கள் தெருவின் பூங்கா மனை அப்படி எழுதிக் கொடுக்கப்பட்டதா என்பதை அங்கீகரிக்கப்பட்ட மனை வரைபடத்தையும் தானப் பத்திரத்தையும் வைத்து உறுதிசெய்யுங்கள். சில இடங்களில் பத்திரம் பதிவாகாமலே கிடக்கும். அந்த நிலையில் தோட்டம் போட்டால், இரண்டு வருடம் கழித்து ஒருவர் பட்டாவோடு வந்து நிற்பார்.

உள்ளாட்சி இடம் என்றால் குடியிருப்போர் நலச் சங்கத்தின் பெயரில் மனு கொடுங்கள். தனிநபர் பெயரில் கொடுத்தால் ஆக்கிரமிப்பு என்ற சந்தேகம் வரும். வார்டு உறுப்பினரிடம் ஒரு பிரதி, உதவிப் பொறியாளரிடம் ஒரு பிரதி, பகுதி மக்கள் கூடும் ஏரியா சபைக் கூட்டத்தில் வாய்மொழியாக ஒருமுறை என்று மூன்று வழியிலும் சொல்லிவையுங்கள். நிலம் உள்ளாட்சியுடையதாகவே இருக்கும், நிரந்தரக் கட்டுமானம் எதுவும் எழுப்ப மாட்டோம், இடம் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும், பூமிக்கடியில் செல்லும் குழாய், கேபிள் வேலைக்குத் தோண்ட வந்தால் தடுக்க மாட்டோம் என்ற நான்கு வரிகள் மனுவில் இருந்தால் கையெழுத்து கிடைப்பது எளிது. தனியார் மனை என்றால் உரிமையாளரிடம் எத்தனை வருடம் என்று குறிப்பிட்ட கடிதம் வாங்குங்கள். இரண்டு வருடத்துக்குக் குறைவாகச் சொன்னால் அங்கே மண்ணில் பணத்தைப் போடாதீர்கள். பைகளிலும் தொட்டிகளிலும் வளர்த்தால் போதும்.

வெயிலையும் பாருங்கள். காய்கறிக்கு நாளுக்கு ஆறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். தெற்குப் பக்கத்தில் மூன்று மாடி வீடு இருந்தால் அதன் நிழல் அப்போது தோட்டத்தின் பாதி வரை நீளும். காலை 9, நண்பகல் 12, மாலை 3 என்று மூன்று முறை நிழல் விழும் எல்லையைச் சுண்ணாம்பால் கோடு போட்டுக் குறித்துவையுங்கள்.

ஆட்களும் முறையும்

முதல் கூட்டத்தில் நாற்பது பேர் கை தூக்கினாலும் திட்டத்தைப் பதினான்கு பேருக்குப் போடுங்கள். வாரத்துக்கு ஏழு நாள், நாளுக்கு இருவர் என்பதே கணக்கு. அதற்கு மேல் வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைப் பொதுவேலைக்கு உதவட்டும்.

நாள் நிலையாக இருக்க வேண்டும். 'யாருக்கு நேரம் இருக்கிறதோ அவர் ஊற்றட்டும்' என்று விட்டால், எல்லோரும் இன்னொருவர் ஊற்றியிருப்பார் என்று நினைப்பார்கள். 'செவ்வாய்க்கிழமை நீங்களும் எதிர்வீட்டு அக்காவும்' என்று எழுதி ஒட்டிவிட்டால் அந்தக் குழப்பம் வராது. இருவர் என்று வைப்பதற்குக் காரணம், ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவர் இருப்பார், பேச்சுத்துணையும் கிடைக்கும். வர முடியாதவர் மாற்று ஆளைத் தானே தேட வேண்டும், ஒருங்கிணைப்பாளர் தேடக்கூடாது. இந்த விதி இல்லாவிட்டால் ஒருங்கிணைப்பாளர் மூன்றே மாதத்தில் களைத்து விலகிவிடுவார்.

வாட்ஸாப் குழு இரண்டு வேண்டும். ஒன்றில் முறை மட்டும்: தண்ணீர் ஊற்றியதும் பாத்திகளின் ஒரு படம், வேறெதுவும் இல்லை. மற்றதில் காலை வணக்கம், சமையல் குறிப்பு எல்லாம் போகட்டும். ஒரே குழுவாக இருந்தால் 'இன்று குழாய் உடைந்துவிட்டது' என்ற செய்தி பிறந்தநாள் வாழ்த்துக்களுக்கு அடியில் புதைந்துவிடும்.

பங்குனி முடிவதற்குள் ஒரு தாளில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 10 வரை கட்டம் போட்டு, ஊருக்குப் போகும் தேதியை ஒவ்வொருவரும் எழுதட்டும். காலிக் கட்டங்களைப் பார்த்தால் எந்த வாரம் ஆள் இல்லை என்பது அப்போதே தெரியும். அந்த வாரத்துக்குக் கூலிக்கு ஒருவரை வைப்பதா, பாத்திகளைக் குறைப்பதா என்று முன்கூட்டியே முடிவெடுக்கலாம்.

தண்ணீர்க் கணக்கு

4-க்கு 10 அடிப் பாத்தி ஒன்றுக்குக் கோடையில் நாளுக்குச் சுமார் 20 லிட்டர் தேவை, அதாவது 10 லிட்டர் பூவாளியில் இரண்டு. 12 பாத்திக்கு 240 லிட்டர், பந்தல் கொடிகளுக்கு 50 லிட்டர் சேர்த்தால் 300 லிட்டரை நெருங்கும். 1000 லிட்டர்த் தொட்டி மூன்று நாள் தாங்கும். அதை 4 அடி உயர மேடையில் வைத்து, தோட்டத்தின் கடைசி மூலை வரை எட்டும் ஓஸ் குழாய் மாட்டினால் இருவர் அரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிடலாம். சொட்டுநீர் போட ஆசை இருக்கும். ஆனால் போர்வெல் நீரின் உப்பு சொட்டுவான்களை அடைத்துவிடும், 4 அடி உயரத்தின் அழுத்தமும் அதற்குப் போதாது. வடிகட்டியும் சிறிய மோட்டாரும் இல்லாமல் சொட்டுநீர் வேண்டாம்.

தண்ணீரின் உப்பைத் தொடக்கத்திலேயே அளந்துவிடுங்கள். வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் பழுதுபார்க்க வருகிறவரிடம் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் இருக்கும். 1000-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலான காய்களுக்குக் கவலையில்லை. 2000 தாண்டினால் பீன்ஸ், வெங்காயம், கேரட்டை மறந்துவிடுங்கள். தண்டுக்கீரை போன்றவை ஓரளவு தாங்கும். ஆர்.ஓ. கழிவுநீரை மட்டுமே தொடர்ந்து ஊற்றினால் மண்ணின் மேல் வெள்ளைப்படலம் படியும், இலை நுனிகள் கருகும். நல்ல தண்ணீரோடு சரிபாதி கலந்தால் பாதிப்பு குறையும். அதற்கும் மேலாக, ஒவ்வொரு மழைக்காலத்திலும் மழை அந்த உப்பைக் கழுவி இறக்க வேண்டும். வடிகால் சரியாக இருந்தால்தான் அது நடக்கும்.

பக்கத்து வீட்டு மொட்டைமாடி 1000 சதுர அடி என்றால், ஒரு அங்குல மழைக்கு 2300 லிட்டர் தண்ணீர் விழுகிறது. உரிமையாளர் சம்மதித்தால் ஒரு குழாயை உங்கள் தொட்டிக்குத் திருப்பிவிடுங்கள். எந்தத் தொட்டியும் ட்ரம்மும் திறந்திருக்கக் கூடாது, கொசுவலை கட்டியே ஆக வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். தோட்டத்தால் தெருவில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அதோடு தோட்டம் முடிந்தது.

மண்: பொறுமை வேண்டிய இடம்

மனையின் மூன்று இடங்களில் ஒன்றரை அடிக் குழி தோண்டி, தண்ணீர் நிரப்பிவிட்டுப் பாருங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் களிமண், அல்லது லாரி ஏறி இறுகிய தரை. வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் இது சாதாரணம். சில நிமிடங்களில் உறிஞ்சிவிட்டால் மணல். திருவான்மியூர், நீலாங்கரை போன்ற கடலோரப் பகுதிகளில் இப்படி இருக்கும். களிமண்ணுக்கும் மணலுக்கும் மருந்து ஒன்றேதான், மக்கிய உரம். ஆற்று மணலைக் கொட்டிக் களிமண்ணைச் சரிசெய்யலாம் என்று நினைக்காதீர்கள். கொஞ்சம் மணல் சேர்த்தால் அது செங்கல் போல இறுகிப்போகும்.

கட்டட இடிபாடு இருந்தால் மேல் 9 அங்குலத்தை வெட்டி, அரை அங்குலக் கண்ணுள்ள சல்லடையில் சலித்தெடுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் தவிர்க்க முடியாது. சிமென்ட், சுண்ணாம்புத் துகள் மண்ணில் இருந்தால் காரத்தன்மை ஏறிவிடும். நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் தளிர் வரும். இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் செடியால் எடுக்க முடியாத நிலை அது. பழைய பெயின்ட் ஒட்டிய காரைத் துண்டுகளைத் தனியே பொறுக்கி அப்புறப்படுத்துங்கள், அவற்றில் ஈயம் இருக்கலாம். சீமைக்கருவேலத்தை வெட்டினால் போதாது. தரைக்கு ஓரடி கீழே வேர்க்கட்டையோடு எடுக்காவிட்டால் மழை பெய்ததும் மறுபடி துளிர்க்கும்.

சுத்தம்செய்த நிலத்தில் உடனே காய்கறி வேண்டாம். வைகாசித் தொடக்கத்தில் சென்ட்டுக்கு 200 கிராம் வீதம், கிரவுண்டுக்குச் சுமார் 1 கிலோ 100 கிராம் தக்கைப்பூண்டு விதையை விதையுங்கள். மண்ணுக்கே உரமாக வளர்க்கும் பசுந்தாள் பயிர் இது. களர் எனப்படும் உவர்நிலம், களி இரண்டையும் தாங்கும், வேர் ஆழமாக இறங்கி இறுகிய தரையை உடைக்கும், காற்றில் உள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். 45 நாளில் பூ எடுக்கும்போது வெட்டி மண்ணுக்குள் மடக்கிவிட வேண்டும். பத்து நாள் தாமதித்தால் தண்டு நாராகி மக்க மறுக்கும்.

இன்னொரு பயனும் உண்டு, எங்களைக் கேட்டால் அதுதான் பெரியது. கடும் வெயிலில் நாற்பத்தைந்து நாள் முறைவைத்துத் தண்ணீர் ஊற்றும் ஒத்திகை இது. தக்கைப்பூண்டு ஓரிரு நாள் தண்ணீரில்லாமல் தாங்கும். யார் வருகிறார்கள், யார் வருவதில்லை, எந்தக் கிழமை பலவீனம் என்பதெல்லாம் இதில் தெரிந்துவிடும். இந்த ஒத்திகையில் தோற்றால் பாத்திகளைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பாத்தி போடுதல்

முதல் வருடம் 12 பாத்தி போதும். 480 சதுர அடிதான், இடத்தில் ஐந்தில் ஒரு பங்கு. மீதியில் தக்கைப்பூண்டோ தட்டைப்பயறோ நிற்கட்டும். பாத்தி 4 அடிக்கு மேல் அகலம் கூடாது. இரு பக்கமும் நின்று நடுவே கை எட்ட வேண்டும். பாத்தியை மிதித்தால் மண் இறுகிப்போகும். நடைபாதை 2 அடி, நடுவில் ஒரு பாதை மட்டும் 4 அடி. தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் அதில் வர வேண்டும். வயதானவர்களுக்காக இரண்டு பாத்திகளையாவது 2 அடி உயரக் கட்டையாக எழுப்பினால், குனிய முடியாத தாத்தா பாட்டிகள் தினமும் வருவார்கள். மே மாதத்தில் ஊருக்குப் போகாதவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான்.

பாத்தி தரையைவிட 9 அங்குலம் உயர்ந்திருக்கட்டும். வடகிழக்குப் பருவமழையில் இரண்டு நாள் தண்ணீர் தேங்கினால் கத்தரியும் மிளகாயும் வேரழுகிப்போகும். பாத்திகளுக்கு இடையே உள்ள பாதைகள் ஒரே திசையில் சரிந்து மழைநீர்க் கால்வாய்க்கோ ஒரு உறிஞ்சுகுழிக்கோ போக வேண்டும்.

வெளியிலிருந்து மண் வாங்கினால், 12 பாத்தியும் 9 அங்குல உயரம் என்ற கணக்கில் 360 கன அடி நிரப்ப வேண்டும். இரண்டு பங்கு மண், ஒரு பங்கு மக்கிய உரம் என்றால் மண் 240 கன அடி, ஏறத்தாழ இரண்டரை யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). இறக்குவதற்கு முன் லாரியில் ஏறிக் கையால் கிளறிப் பாருங்கள். கறுத்த சிறு கிழங்குகள் தெரிந்தால் அது கோரைக் களை, அந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள். ஒருமுறை கோரை புகுந்தால் வருடக்கணக்கில் பிடுங்க வேண்டியிருக்கும்.

இருக்கிற மண்ணிலேயே பாத்தி போட்டால் தொழு உரம் பாத்திக்கு 20 கிலோ. சாண வாடை வந்தால் அது இன்னும் மக்கவில்லை. கறையானையும் வண்டுப் புழுக்களையும் கூட்டிவரும். தேங்காய் நார்த்தூள் சேர்ப்பதாக இருந்தால் இரண்டு மூன்று முறை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து உப்பை நீக்குங்கள். வேப்பம் புண்ணாக்கு பாத்திக்கு அரை கிலோ.

பந்தலை மேற்குப் பக்கத்தில் அமையுங்கள். கோடையில் மாலை வெயிலை அது தடுத்துக்கொள்ளும். 10-க்கு 20 அடி, ஆறரை அடி உயரம். சவுக்குக் கம்பு மலிவுதான், ஆனால் மண்ணுக்குள் இருக்கும் பகுதியைக் கறையான் ஒரே வருடத்தில் தின்றுவிடும். தார் பூசி நடுங்கள் அல்லது இரும்புக் குழாய் போடுங்கள். இரண்டடி ஆழம், நான்கு மூலையிலும் இழுத்துக்கட்டும் கம்பி. சுரைக்கொடி மூடிய பந்தல் கார்த்திகை மழையில் நனைந்தால் எடை கூடும், காற்றும் அடித்தால் மூலைக்கம்பி இல்லாத பந்தல் சாய்ந்துவிடும்.

எதை எப்போது

ஆடிப்பட்டத்தில் வெண்டை, கத்தரி, கொத்தவரை, பந்தலுக்குப் புடலை, பீர்க்கு, சுரை, பாகல். வெண்டை செடிக்குச் செடி 1 அடி, வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி. 45 நாளில் காய் வரும், பெருமழைக்கு முன்பே நன்றாகப் பறித்துவிடலாம். கத்தரிக்கு இரண்டடி இடைவெளி. தக்காளியை ஐப்பசி மழையில் நடவே வேண்டாம். கூரைக்கடியில் குழித்தட்டில் நாற்று விட்டு, மழை ஓய்ந்து மார்கழி, தையில் நடுங்கள். கீரை எப்போதும் இரண்டு பாத்தியில் இருக்கட்டும். 25 நாளில் கைக்கு வரும் பயிர் அது; புதிதாகச் சேர்ந்தவர்களைத் தோட்டத்தோடு பிணைப்பதில் அதற்கு ஈடில்லை. சித்திரையில் 50 சதவீத நிழல்வலை கட்டி, பாத்திகளில் 2 அங்குலத்துக்கு இலைச்சருகு மூடாக்குப் போடுங்கள்.

பீர்க்கு, சுரை, புடலைப் பூக்கள் மாலையில் மலரும். பாகலும் பூசணியும் காலையில். பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்தால் உரம் போட அவசரப்படாதீர்கள், பெரும்பாலும் மகரந்தம் சேரவில்லை என்றே பொருள். அந்தந்த வேளையில் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தொட்டுவிட்டால் காய் பிடிக்கும். குழந்தைகள் இந்த வேலையை விரும்பிச் செய்வார்கள்.

சருகும் காய்கறித் தோலும்

தெருக்கூட்டும் பணியாளர்களிடம் சருகை எரிக்காமல் தோட்ட வாசலில் போடச் சொல்லுங்கள். கம்பிவலையால் 3 அடி நீள அகல உயரத்தில் மூன்று கூண்டுகள்: ஒன்று நிரம்பும், ஒன்று மக்கும், ஒன்றில் எடுத்துப் பயன்படுத்தலாம். ஒரு கூடை காய்கறித் தோலுக்கு இரண்டு மூன்று கூடைச் சருகு. பத்து நாளைக்கு ஒருமுறை கிளற வேண்டும். கையில் அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரும் ஈரம்தான் சரி. நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், சருகு சேருங்கள். சூடே ஏறவில்லை என்றால் காய்ந்திருக்கிறது, அல்லது குவியல் சிறிது. இரண்டரை, மூன்று மாதத்தில் உரமாகும். சமைத்த சோறு, குழம்பு, எலும்பு எதையும் வாங்காதீர்கள், முதலில் வருவது பெருச்சாளிதான். வேலியின் அடிப்பகுதி ஓரடி மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டும் என்பதும் அதற்காகத்தான்.

நோயும் பூச்சியும்

வெண்டை இலை நரம்பு மஞ்சளானால் அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி (வைரஸ்) நோய், மருந்து கிடையாது. அந்தச் செடியை அன்றே பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். அர்கா அனாமிகா போன்ற ரகங்கள் ஓரளவு தாங்கும். மஞ்சள் ஒட்டுப்பொறி இரண்டு பாத்திக்கு ஒன்று. கத்தரியின் நுனித்தண்டு தொங்கினால் உள்ளே புழு. அரையடி கீழே கிள்ளி மூடிய பையில் போடுங்கள். மாவுப்பூச்சியைக் கண்டால் கூடவே எறும்பு வரிசையைத் தேடுங்கள். எறும்புதான் அதைச் செடிக்குச் செடி சுமந்து போகிறது. வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, சில துளி சோப்புக் கரைசல், மாலை நேரத்தில் இலையின் அடிப்புறம் நனைய அடிக்க வேண்டும். எண்ணெயை முதலில் சோப்போடு கலந்துவிட்டுத் தண்ணீர் சேருங்கள். இல்லையென்றால் எண்ணெய் தனியே மிதந்து இலையைப் பொசுக்கும். தக்காளி வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு, அந்தப் பாத்தியில் அடுத்த பட்டத்துக்குத் துலுக்கச் சாமந்தி மட்டும் போடுங்கள். மழைக்காலத்தில் ஆப்பிரிக்கப் பெருநத்தை வரும். இரவில் டார்ச்சோடு போய்க் கையுறை போட்டுப் பொறுக்கி உப்புநீர் வாளியில் போடுங்கள், வெறுங்கையால் தொட வேண்டாம்.

அறுவடையும் பணமும்

சண்டை வருவது இங்கேதான். பாத்திகளை வீட்டுக்கு ஒன்றாகப் பிரித்தால், ஊருக்குப் போனவர் பாத்தி புதராகும். முழுக்கப் பொது என்றால் ஊற்றாதவரும் பறிப்பார். எட்டுப் பாத்தியை இரண்டு வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்து, நான்கு பாத்தியையும் பந்தலையும் பொதுவில் வையுங்கள் என்பது எங்கள் யோசனை. பொது அறுவடை சனிக்கிழமை காலை 7 மணிக்கு மட்டும். தராசில் எடைபோட்டு நோட்டில் எழுதுங்கள். அந்த வாரம் முறைக்கு வந்தவர்களுக்குச் சமபங்கு, மிச்சம் தெருவில் விற்பனைக்கு, அந்தப் பணம் தோட்ட நிதிக்கு. அங்கன்வாடி பக்கத்தில் இருந்தால் வாரம் ஒரு கட்டுக் கீரை அங்கே போகட்டும்.

நிதி சங்கத்தின் வங்கிக் கணக்கில், இருவர் கையெழுத்தில் இருக்க வேண்டும். மாதக் கணக்கைத் தோட்டப் பலகையில் ஒட்டுங்கள். தோட்டம் பெரிதாகக் கெடுவது காய் திருடுபோவதால் அல்ல, 'பணம் எங்கே போனது' என்ற ஒரு முணுமுணுப்பால்.

வழிப்போக்கர் காய் பறிப்பது பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். சாலையோரப் பாத்தியில் கீரையும் கறிவேப்பிலையும், உள்ளே தக்காளியும் கத்தரியும் நடுங்கள். 'வேண்டுமென்றால் கேளுங்கள், சனிக்கிழமை கிடைக்கும்' என்று ஒரு பலகை வையுங்கள். பூட்டுப் போட்டால் பொது இடத்தை வளைத்துக்கொண்டார்கள் என்ற புகார் போகும்.

அடுத்த பங்குனியில் மண்ணை மாவட்ட மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்புங்கள். எட்டுப் பத்து இடங்களில் அரையடி ஆழ மண்ணை எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்தி அரை கிலோ போதும். அதே வாரம் விடுமுறைக் கட்டத் தாளை மறுபடி ஒட்டுங்கள். ஜூன் 10 வரை எல்லாக் கட்டத்திலும் இரண்டு பெயர் இருந்தால் பதிமூன்றாவது பாத்தியை வெட்டலாம்.